வானத்தில் கோடுகள் இல்லை என்கிறார்கள்

வானவியல் அறிமுகப் பாடம் எதைப் புரட்டினாலும் முதல் சில பக்கங்களுக்குள் ஒரு வாக்கியம் வந்துவிடுகிறது. வான நடுக்கோடு, சூரியப் பாதை, உச்சிக்கோடு எல்லாம் கற்பனைக் கோடுகள்; வானத்தில் அப்படி எதுவும் கிடையாது; அளப்பதற்கு வசதியாக நாமே போட்டுக்கொண்டவை. பக்கத்திலேயே படமும் இருக்கும். நடுவில் குட்டியாக ஒரு பூமி, அதைச் சுற்றிப் பெரிதாக ஓர் உருண்டை, அதன்மேல் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு மூன்று வட்டங்கள், பூமியின் தலையில் நின்று அண்ணாந்து பார்க்கும் ஒரு மனித உருவம். அந்த வாக்கியத்தோடும் அந்தப் படத்தோடும் எனக்கு நெடுநாளாக ஒத்துப்போகவில்லை. வாக்கியத்தில் தப்பென்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. வானத்தில் யாரும் மை தொட்டு எதையும் வரையவில்லைதான். ஆனால் அதைப் படித்து முடிப்பவர் மனதில் என்ன தங்கும்? கோடுகள் பொய், பெயர்கள் மட்டும் தேர்வுக்கு வேண்டும் என்பதுதான் தங்கும்.

என் சங்கடம் இது. நாம் சும்மா போட்டுக்கொண்ட ஒரு கோட்டின் மேல் சூரியன் ஏன் ஆண்டு முழுக்கப் பிசகாமல் போகிறது? நிலா ஏன் அந்தக் கோட்டை விட்டு ஐந்து பாகைக்கு மேல் பெரிதாக விலகுவதில்லை? செவ்வாயும் வியாழனும் சனியும் ஏன் அதை ஒட்டியே நடமாடுகின்றன? நாம் நினைத்துக்கொண்டோம் என்பதற்காக அவை அப்படிப் போகவில்லை. கோட்டுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது. அது என்னவென்று சொல்லாமல் கோட்டை மட்டும் காட்டிவிட்டு, அதுவும் கற்பனை என்று முடித்துவிடுவது, படிப்பவருக்குச் சேர வேண்டிய நல்ல பகுதியை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்வது என்றே எனக்குப் படுகிறது.

படத்தின் சிக்கல் வேறு மாதிரியானது. அது வான்கோளத்தை வெளியே நின்று பார்க்கிறது. அந்த இடத்தில் யாரும் நின்றதில்லை, நிற்கவும் முடியாது. விண்மீன்கள் ஒரே தூரத்தில் இல்லாததால் வெளியிலிருந்து பார்க்க அங்கே உருண்டையே கிடையாது. இந்தப் பார்வைக்கு வயது அதிகம். நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஒரு பளிங்குச் சிலை இருக்கிறது: வானத்தைத் தோளில் சுமக்கும் கிரேக்கப் புராண நாயகர் அட்லஸ். அவர் சுமக்கும் உருண்டை, இன்று கிடைக்கும் மிகப் பழைய வான உருண்டைகளில் ஒன்று. நடுக்கோடும் சூரியப் பாதையும் அதில் பட்டைகளாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. விண்மீன் கூட்டங்களோ இடவலம் மாறி இருக்கின்றன, ஏனென்றால் சிற்பி அவற்றை வெளியிலிருந்து காட்டுகிறார். வான உருண்டை செய்கிற எவரும் இந்தத் தேர்வைச் செய்தாக வேண்டும். வெளிப்பார்வையைத் தேர்ந்தெடுத்த உடனேயே வட்டங்கள் உருண்டையின் மேல் ஒட்டிய பொருள்களாகிவிடுகின்றன. பார்ப்பவருக்கும் அவற்றுக்கும் இருந்த உறவு அறுந்துபோகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த உறவுதான்.

உள்ளே நிற்பவருக்குத் தெரிவது

ஒரு தட்டைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பக்கவாட்டில் பார்த்தால் அதன் வட்டம் மறைந்து வெறும் கோடாகிவிடும். கண் அந்தத் தட்டின் தளத்துக்குள்ளேயே வந்துவிட்டதால் அப்படி ஆகிறது. அந்தத் தளத்தை எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டே போனால், கண்ணைச் சுற்றி ஒரு முழுச் சுற்று வரும் கோடு கிடைக்கும். வானத்தில் பெருவட்டம் என்று சொல்வது இவ்வளவுதான். நம் கண் வழியாகப் போகும் ஒரு தளம், நமக்குக் கோடாகத் தெரிகிறது. கண் வழியாகப் போகாத வட்டங்கள் உண்டு, அவை சிறுவட்டங்கள். துருவ நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு விண்மீன் போடும் சுற்று அப்படிப்பட்டது. அந்த விண்மீனை நோக்கிய நம் பார்வைக்கோடு ஒரு நாளில் தளத்தைத் துடைப்பதில்லை, ஒரு கூம்பைத் துடைக்கிறது. தளமா கூம்பா என்ற இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்து சேரும்.

இதற்கு வானத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. இருண்ட இரவில் தெரியும் பால்வீதி ஒரு பெருவட்டம். நம் விண்மீன் மண்டலம் தட்டையானது, சூரியன் அந்தத் தட்டைக்குள்ளேயே கிட்டத்தட்ட நடுத்தளத்தில் இருக்கிறது. அதனால் அது வானத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஒளிப்பட்டையாகத் தெரிகிறது. வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1785இல் திசைதோறும் விண்மீன்களை எண்ணிப் பார்த்து நம் மண்டலம் தட்டையானது என்ற முடிவுக்கு வந்ததும் இந்தத் தர்க்கத்தில்தான்: எந்தத் திசையில் அடர்த்தி கூடுகிறதோ அந்தத் திசையில் தளம் நீள்கிறது. பால்வீதியைக் கற்பனைக் கோடு என்று எந்தப் பாடநூலும் சொல்வதில்லை, கண்ணுக்குத் தெரிவதால். ஆனால் அதற்கும் சூரியப் பாதைக்கும் இருக்கும் வித்தியாசம், ஒன்றின் தளத்தில் கோடிக்கணக்கான விளக்குகள் எரிகின்றன, மற்றதில் எட்டு பத்து மட்டுமே என்பதுதான். தளம் இரண்டிலும் ஒரே அளவுக்கு உண்மை.

ஒரு குச்சியின் நிழல்

இதையெல்லாம் தாளில் யோசித்துச் சமாதானம் செய்துகொள்ளலாம். எனக்கு அது போதவில்லை. வான நடுக்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பூமியின் நடுக்கோட்டுத் தளத்தை விண்வெளிக்கு நீட்டினால் கிடைப்பது என்று வரையறை சொல்கிறது. அந்தத் தளத்தில் விளக்கும் கிடையாது, தூசும் கிடையாது. கற்பனை என்ற பட்டத்துக்கு மிகவும் பொருந்துவது அதுவே என்று யாராவது வாதிட்டால் என்னிடம் பதில் இருக்கவில்லை. பதில், பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் ஒரு மார்ச் மாதச் சம இரவு நாளில் சிமெண்ட் தரையின்மேல் கிடைத்தது.

செய்தது எளிய வேலை. மட்டமான தரையில் ஒரு குச்சியை நிறுத்தி, அதன் நிழலின் முனை எங்கே விழுகிறதோ அங்கே காலையிலிருந்து சாயங்காலம் வரை விட்டுவிட்டுச் சாக்பீஸால் புள்ளி வைப்பது. டிசம்பரில் ஒருமுறை இதே மாதிரி செய்திருந்தேன். அப்போது புள்ளிகள் ஒரு வளைவில் அமைந்தன, இரு முனைகளும் வடக்குப் பக்கம் விரிந்துகொண்டு போயின. ஜூனில் செய்தால் முனைகள் தெற்கே வளையும். இரண்டுக்கும் நடுவே ஏதாவது ஒரு நாளில் வளைவு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறியாக வேண்டும் என்பது யோசித்தாலே தெரியும். தெரிந்திருந்தும், சம இரவு நாளின் மாலையில் முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தபோது, இடையில் வைத்த புள்ளிகள் எல்லாம் நூலுக்கு அடியிலேயே வரிசையாக இருந்ததைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கிழக்கு மேற்காக ஒரு நேர்கோடு. யாரும் கற்பனை செய்யாமல், சூரியனும் ஒரு குச்சியும் சேர்ந்து போட்டது.

ஏன் நேர்கோடு என்பதில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. குச்சியின் உச்சியை நம் கண் என்று வைத்துக்கொள்வோம். சூரியன் வெகு தொலைவில் இருப்பதால் அந்த உச்சி பூமியின் மையத்தில் இருப்பதாகவே கொள்ளலாம், கணக்கில் வித்தியாசம் வராது. சம இரவு நாளில் சூரியன் வான நடுக்கோட்டின் மேல் இருக்கிறது. அன்று முழுவதும் சூரியனிலிருந்து குச்சியின் உச்சிக்கு வரும் கதிர் ஒரே தளத்தைத் துடைக்கிறது. தட்டையான தரையை ஒரு தளம் வெட்டினால் நேர்கோடு. மற்ற நாட்களில் சூரியன் நடுக்கோட்டுக்கு வடக்கிலோ தெற்கிலோ தள்ளி ஒரு சிறுவட்டத்தில் போகிறது, கதிர் கூம்பைத் துடைக்கிறது. கூம்பைத் தரை வெட்டினால் வளைவு. குச்சி நேராக நிற்க வேண்டும் என்றுகூட இல்லை, உச்சி அசையாமல் இருந்தால் போதும். தரைக்குப் பதில் சாய்ந்த பலகை வைத்தாலும், சுவரில் விழவிட்டாலும், தட்டையாக இருக்கும்வரை அன்று கிடைப்பது நேர்கோடுதான், திசை மட்டும் மாறும். துருவங்களைத் தவிர பூமியின் எந்த இடத்துக்கும் இது பொருந்தும். மட்டமான தரையில் அந்தக் கோடு குச்சியின் அடியிலிருந்து எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்பதை அளந்து குச்சியின் உயரத்தால் வகுத்தால், அந்த விகிதத்திலிருந்து அந்த இடத்தின் அட்சரேகையையும் கணக்கிட்டுவிடலாம். நிலநடுக்கோட்டின் மேல் நிற்பவருக்குக் கோடு குச்சியின் காலடி வழியாகவே போகும். (ஒரு பகலுக்குள் சூரியன் நடுக்கோட்டை விட்டு ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நகர்ந்துவிடுகிறது, ஆகவே மிக நுட்பமாகப் பார்த்தால் நேர்கோட்டில் துளி பிசகு இருக்கும். சாக்பீஸ் புள்ளியின் அகலத்தில் அது மறைந்துவிடும்.)

இரவில் இதையே கேமராவால் பார்க்கலாம். ஓரியனின் இடுப்பில் வரிசையாக இருக்கும் மூன்று விண்மீன்களில் முதலில் உதிப்பது மிந்தாக்கா. அது வான நடுக்கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பாகைகூடத் தள்ளி இல்லை. கேமராவை அசையாமல் வைத்து நீண்ட நேரம் படம் எடுத்தால் மிந்தாக்காவின் தடம் நேர்கோடாக விழும். அதற்கு வடக்கே உள்ள விண்மீன்களின் தடங்கள் வடக்கு நோக்கியும், தெற்கே உள்ளவை தெற்கு நோக்கியும் வளையும். குச்சியின் உச்சி இருந்த இடத்தில் இப்போது லென்ஸ், தரை இருந்த இடத்தில் சென்சார். எங்கே வளைவு திசை மாறுகிறதோ அங்கே வான நடுக்கோடு. உலகின் எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் மிந்தாக்கா ஏறக்குறைய நேர்கிழக்கில் உதித்து, பன்னிரண்டு மணி நேரம் வானில் இருந்து, நேர்மேற்கில் மறையும். ஜெய்ப்பூரில் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய சாம்ராட் யந்திரம் என்ற பிரம்மாண்ட நிழற்கடிகாரத்தின் 27 மீட்டர் உயரச் சாய்சுவர் பூமியின் அச்சுக்கு இணையாக எழுந்து நிற்கிறது. அதன் இருபுறமும் விரியும் கால்வட்ட வளைவுகள் இந்த நடுக்கோட்டுத் தளத்துக்கு இணையாகவே அமைந்திருக்கின்றன. சுவரின் நிழல் அந்த வளைவில் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகரும். பூமி சுழல்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அந்த நிழலின் விளிம்பை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

ஆக வான நடுக்கோடு பூமியின் சுழற்சிக்குச் சொந்தமானது. பூமி சுழலாமல் இருந்தால் அந்தக் கோடும் இருந்திருக்காது, குச்சி நிழலும் அப்படி நகர்ந்திருக்காது. இது தெளிவான பிறகு மற்றக் கோடுகளைப் பார்க்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றாகிவிட்டது: இது யாருடைய தளம்?

தூக்குக்குண்டு காட்டும் திசை

தொடுவானத்துக்கும் தலைக்குமேல் உள்ள உச்சிப்புள்ளிக்கும் சொந்தக்காரர் ஈர்ப்பு விசை. தூக்குக்குண்டின் நூலை மேல்நோக்கி நீட்டினால் உச்சிப்புள்ளி. அதற்குச் செங்குத்தான தளம் தொடுவானம். உச்சிப்புள்ளியையும், பூமியின் அச்சு வானில் சுட்டும் இடமான வானத் துருவத்தையும் சேர்த்து வரும் பெருவட்டம் உச்சிக்கோடு. சூரியன் அதைத் தாண்டும் கணம்தான் உண்மையான நண்பகல். இந்த மூன்றும் நிற்கிற இடத்தைப் பொறுத்து மாறுகின்றன என்பதால் இவற்றைக் கொஞ்சம் இளப்பமாகப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இத்தாலியின் பொலோன்யா நகரில் சான் பெத்ரோனியோ தேவாலயத்தில் வானியலாளர் ஜொவான்னி கசினி 1655இல் ஓர் உச்சிக்கோட்டைத் தரையிலேயே பதித்தார். கூரையில் 27 மீட்டர் உயரத்தில் சின்னத் துளை, தரையில் ஏறக்குறைய 67 மீட்டர் நீளக் கோடு. கட்டடத்தின் தூண்கள் வேறு திசையில் வரிசையாக நிற்க, உச்சிக்கோடு அவற்றுக்கிடையே மிக நெருக்கமாக நுழைந்து குறுக்காகப் போகிறது. தினமும் நண்பகலில் துளை வழியாக விழும் சூரியனின் பிம்பம் அந்தக் கோட்டைக் கடக்கும். கசினி அந்தப் பிம்பத்தின் குறுக்களவை ஆண்டு முழுவதும் அளந்தார். சூரியன் ஆண்டின் ஒரு பகுதியில் வேகமாகவும் இன்னொரு பகுதியில் மெதுவாகவும் நகர்வதுபோலத் தெரிகிறதே, அது தூரம் மாறுவதால் மட்டும் வரும் தோற்றமா, இல்லை வேகமே மாறுகிறதா என்பது அன்று பெரிய கேள்வி. பிம்பத்தின் அளவு மாறிய விகிதத்திலிருந்து கிடைத்த விடை: பாதி தோற்றம், பாதி உண்மையான வேக மாற்றம். கெப்ளர் சொன்னதும் அதுதான். தரையில் பதித்த ஒரு கோட்டைக்கொண்டு இந்த முடிவுக்கு வர முடிந்தது.

தூக்குக்குண்டு எப்போதும் பூமியின் மையத்தையே பார்க்கிறது என்று நினைத்துவிடவும் கூடாது. ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையின் வடபுறமும் தென்புறமும் 1774இல் வானியலாளர் நெவில் மாஸ்கெலின் கருவிகளை வைத்து, விண்மீன்களை ஒப்பிட்டு உச்சிப்புள்ளியை அளந்தார். மலை தன் பக்கம் குண்டை இழுத்ததால் இரண்டு உச்சிப்புள்ளிகளும் நிலஅளவை சொன்னதைவிட 11.6 விகலை கூடுதலாக விலகியிருந்தன. ஒரு பாகையை 3600 கூறாக்கினால் ஒரு கூறு விகலை. அந்தச் சின்னப் பிசகிலிருந்து பூமியின் அடர்த்தியைக் கணக்கிட்டார்கள். உச்சிப்புள்ளி மனிதர் வைத்த குறி மட்டும் என்றால் மலை அதை எப்படி நகர்த்தும்?

லண்டனின் கிரீன்விச் வானாய்வகத்திலும் இதே கதைதான், கொஞ்சம் பெரிய விளைவுடன். 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் உலகத்துக்கான சுழியத் தீர்க்கரேகையாக ஏற்கப்பட்டது, அங்கே ஜார்ஜ் ஏரி (Airy) என்ற வானியலாளர் நிறுவிய கருவியின் வழியாகப் போகும் உச்சிக்கோடு. இன்று அந்தக் கோட்டின் மேல் ஜிபிஎஸ் கருவியுடன் நின்றால் அது சுழியம் காட்டாது. சுழியத்தைப் பார்க்கக் கிழக்கே ஏறக்குறைய 102 மீட்டர் நடக்க வேண்டும். அந்த வானியலாளரின் கருவி அந்த இடத்து ஈர்ப்பைக்கொண்டு, பாதரசப் பரப்பின் உதவியோடு, செங்குத்தைத் தீர்மானித்தது. செயற்கைக்கோள் முறை பூமியின் மையத்திலிருந்து அளக்கிறது. கிரீன்விச்சில் நிலத்தடிப் பொருளின் பரவல் சீராக இல்லாததால் செங்குத்து சில விகலை சாய்ந்திருக்கிறது, அது தரையில் 102 மீட்டர் ஆகிறது. வானத்தில் இரண்டு தளங்களும் ஒன்றுக்கொன்று இணையானவை, ஒரே விண்மீன்களைத்தான் சுட்டுகின்றன. சுழியம் கிரீன்விச்சில் இருக்க வேண்டும் என்பது மாநாட்டின் முடிவு, அதை மாற்றியிருக்கலாம். அந்த 102 மீட்டர் எந்த மாநாடும் முடிவு செய்தது இல்லை.

சூரியன் போகும் வழி

சூரியப் பாதையின் தளம் பூமி சூரியனைச் சுற்றும் தளம். நாம் அதற்குள்ளேயே இருப்பதால் சூரியன் ஆண்டு முழுக்க ஒரு பெருவட்டத்தில் நகர்வதாகத் தெரிகிறது. இந்த வட்டத்தை இரவில் கண்டுபிடிக்க நமக்கு நல்ல அடையாளக்கற்கள் இருக்கின்றன. மகம் அந்தக் கோட்டிலிருந்து அரைப் பாகை தூரம்கூட இல்லை. சித்திரை இரண்டு பாகை தெற்கே. ரோகிணியும் கேட்டையும் ஐந்து பாகை அளவில். பிரகாசமான விண்மீன்களில் இந்த நான்கை மட்டும்தான் நிலாவால் மறைக்க முடியும், நிலாவின் பாதை சூரியப் பாதைக்கு ஐந்து பாகைக்குச் சற்றுக் கூடுதலாகச் சாய்ந்திருப்பதால். அந்தச் சாய்வு இல்லையென்றால் ஒவ்வோர் அமாவாசையும் சூரிய கிரகணமாகவும் ஒவ்வொரு பௌர்ணமியும் சந்திர கிரகணமாகவும் இருந்திருக்கும்.

கோள்கள் ஏன் இந்த வழியை விடுவதில்லை என்பதற்குப் பதில், சூரியக் குடும்பம் பிறந்த விதத்தில் இருக்கிறது. சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியனைச் சுற்றிச் சுழன்ற தட்டையான வாயு, தூசுத் தட்டிலிருந்துதான் கோள்கள் திரண்டன. அந்தத் தட்டு போய்விட்டது, தளம் மிஞ்சியிருக்கிறது. பூமியின் தளத்தோடு ஒப்பிட்டால் புதன் ஏழு பாகை, வெள்ளி 3.4 பாகை, மற்றக் கோள்கள் எல்லாம் இரண்டரைப் பாகைக்குள் சாய்ந்திருக்கின்றன. மாலையில் வெள்ளியும் வியாழனும் பிறை நிலாவும் ஒரே நேரத்தில் தெரியும்போது அவற்றைச் சேர்த்து ஒரு கோடு இழுத்தால், அது சூரியன் மறைந்த இடத்துக்குப் போய்ச் சேரும். அதைப் பார்க்கிறவர் தான் ஒரு தட்டுக்குள் நிற்பதைப் பார்க்கிறார். விளக்குகளே இல்லாத இருட்டில் இன்னும் ஒன்று தெரியும். அந்தி ஒளி முழுக்க மறைந்த பிறகு மேற்கே, அல்லது விடியலுக்கு முன் கிழக்கே, தொடுவானத்திலிருந்து கூம்பாக மேலெழும் மங்கலான வெளிச்சம். கோள்களுக்கு இடையில் இந்தத் தளத்தை ஒட்டிப் பரவிக்கிடக்கும் தூசின் மேல் சூரிய ஒளி பட்டுச் சிதறுவதுதான் அது. சூரியப் பாதை தானே லேசாக ஒளிர்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

சுழற்சியின் தளமும் சுற்றுப்பாதையின் தளமும் ஒன்றாக இல்லை, 23.4 பாகை சாய்ந்திருக்கின்றன. பருவங்கள் எல்லாம் அதிலிருந்து வருகின்றன, அதை இங்கே விரிக்க வேண்டாம். எனக்குப் பிடித்தது இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ், தனக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அலெக்சாண்ட்ரியாவில் திமோகாரிஸ் எடுத்த அளவுகளோடு தன் அளவுகளை ஒப்பிட்டார். அந்த வெட்டுப்புள்ளிகளில் ஒன்றான செப்டம்பர் சம இரவுப் புள்ளிக்கு எட்டு பாகை முன்னால் இருந்த சித்திரை, இவர் காலத்தில் ஆறு பாகை முன்னால் இருந்தது. விண்மீன் நகரவில்லை, வெட்டுப்புள்ளிதான் நகர்ந்தது என்று அவர் புரிந்துகொண்டார். நூறாண்டுக்குக் குறைந்தது ஒரு பாகை என்று கணித்தார். உண்மையில் 72 ஆண்டுக்கு ஒரு பாகை. பூமியின் அச்சு ஏறக்குறைய 26,000 ஆண்டுகளில் ஒரு சுற்றாகத் திசை மாறுவதால் வருவது இது. இன்று சித்திரை அந்தப் புள்ளியைத் தாண்டி மறுபக்கம் 24 பாகை போய்விட்டது. நிலாவும் சூரியனும் பூமியின் புடைத்த இடுப்பைப் பிடித்து இழுப்பதன் விளைவு, ஒரு கோடு இன்னொன்றை வெட்டும் இடத்தில் இப்படித் தெரிகிறது.

உண்மையாகவே நாம் போட்டவை

வானத்தில் முழுக்க முழுக்க நாம் போட்ட கோடுகளும் இருக்கின்றன, அவற்றை ஒளிக்கவும் வேண்டாம். விண்மீன் கூட்டங்களின் எல்லைகள் அப்படிப்பட்டவை. வானியலாளர் யூஜீன் டெல்போர்ட் வகுத்து, பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பெயரில் 1930இல் வெளியான அந்த எல்லைகள் 88 கூட்டங்களாக வானத்தைக் கூறுபோடுகின்றன. அவை எந்தத் தளத்துக்கும் சொந்தமில்லை. 1875ஆம் ஆண்டின் வான நடுக்கோட்டுக்கு இணையாகவும் செங்குத்தாகவும் வரைந்தவை. அச்சு நகர்ந்துவிட்டதால் இன்றைய கட்டங்களோடு ஒப்பிட்டால் அந்த எல்லைகள் சற்றுச் சாய்ந்து கிடக்கின்றன. சூரியன் நவம்பர் இறுதியில் ஓஃபியூக்கஸ் என்ற விண்மீன் கூட்டத்தின் எல்லைக்குள் நுழைவது, பதின்மூன்றாவது ராசி வந்துவிட்டது என்று அவ்வப்போது பரபரப்பாகப் பேசப்படுகிறது. அங்கே நடப்பது 1930இல் போட்ட ஒரு வேலியைச் சூரியன் தாண்டுவது மட்டுமே. மாறாக, சம இரவு நாளில் சூரியன் நடுக்கோட்டைத் தாண்டுவது குச்சி நிழலில் தெரியும். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, எல்லாமே கற்பனைக் கோடுகள் என்று சொல்லும்போது இழப்பது இந்த வேறுபாட்டைத்தான்.

பாடம் நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்ள ஒன்று உண்டு. உருண்டைப் படத்தைப் பிறகு காட்டுங்கள். முதலில் மாணவர்களை மைதானத்துக்கு அழைத்துப் போய்த் தொடுவானத்தைச் சுற்றிக்காட்டி, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நிழல் முனையில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மார்ச் 20, செப்டம்பர் 23 நாட்களை ஒட்டிச் செய்தால் நேர்கோடு கிடைக்கும், வேறு நாட்களில் வளைவு கிடைக்கும். இரண்டையும் பார்த்த மாணவருக்குப் பெருவட்டத்தையும் சிறுவட்டத்தையும் வேறுபடுத்த வரையறை தேவைப்படாது.

வானியலாளர்களோ இந்தக் கோடுகளின் குணத்தை நன்றாக அறிந்ததால்தான் தங்கள் அளவுகோலைப் பூமியிலிருந்து கழற்றிவிட்டார்கள். அச்சு தள்ளாடுகிறது, சுற்றுப்பாதைத் தளமும் மற்றக் கோள்களின் இழுப்பால் மெல்லச் சாய்கிறது, ஆகவே இரண்டையும் நம்பி நுட்பமான அட்டவணை போட முடியாது. 1998 முதல் அளவுச்சட்டகம் வெகு தொலைவிலுள்ள குவாசார்களின் (தொலைதூர விண்மீன் மண்டலங்களின் மிகப் பிரகாசமான மையங்கள்) மேல் பொருத்தப்பட்டிருக்கிறது. 2019 தொடக்கத்திலிருந்து பயன்பாட்டில் உள்ள மூன்றாம் பதிப்பை வானொலி அலை வீசும் இப்படிப்பட்ட 303 விண்பொருள்கள் தாங்கி நிற்கின்றன. அதிலும் ஒரு அசைவு தெரிந்தது. சூரியன் நம் மண்டலத்தின் மையத்தைச் சுற்றி வளைந்து போவதால் குவாசார்களின் இடம் ஆண்டுக்கு ஒரு விகலையின் பத்து லட்சத்தில் சுமார் ஆறு பங்கு நகர்வதாகத் தோன்றுகிறது, அதையும் அந்தப் பதிப்பு கணக்கில் எடுத்துக்கொண்டது. இந்தப் புதிய சட்டகத்தின் சுழியத்தை அவர்கள் விரும்பிய எந்தத் திசையிலும் வைத்திருக்கலாம், எந்தத் தளமும் இப்போது அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. ஆனால் 2000ஆம் ஆண்டின் மார்ச் சம இரவுப் புள்ளி எங்கே இருந்ததோ அங்கேயே, ஒரு விகலையின் பத்தில் ஒரு பங்குகூட விலகாமல் வைத்தார்கள். அதுவரை சேர்ந்திருந்த அட்டவணைகளிலுள்ள ஒவ்வொரு விண்மீனின் இடமும் அந்தப் புள்ளியிலிருந்து எண்ணப்பட்டிருந்தது. அந்த எண்கள் தொடர்ந்து பயன்பட வேண்டியிருந்தது.